செல்வி வரைந்த வீடு

பாப்பாவுக்குக் காதுகுத்து. பத்திரிகைகளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். விரலில் ஒட்டிய அந்த வாசனைதான் கல்லூரித் தோழி செல்வியை நினைவுக்குக் கொண்டுவந்தது. எழுந்துபோய் அலமாரியில் அந்தப் பழைய நாவலைத் தேடி எடுத்தேன்.

ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரியில் அது எங்களுக்குப் பாடம். இருவரும் சேர்ந்து ஒரே பிரதி வாங்கியிருந்தோம். ஊர் ஊராக வேலை தேடிப்போகும் இரண்டு கூலிக்காரர்களின் கதை. சொந்தமாகத் துண்டு நிலமும் ஒரு வீடும் வரும் என்று ஒருவன் சொல்லச் சொல்ல, மற்றவன் கேட்டுக்கொண்டே இருப்பான். "எங்க நைனா கேட்டா சிரிக்கும்டி, அதுக்கும் இதே கனவுதான்" என்பாள் செல்வி. அவள் அப்பா எங்கள் நிலத்திலும் நாற்று நட வந்தவர்.

பஸ்ஸில் நாங்களும் ஒரு வீடு கட்டினோம். வேலைக்குப் போய் இருவரும் சேர்ந்து இருக்கப்போகிற வீடு. "சொல்லுடி, நம்ம வூட்ல இன்னா இன்னா கீது?" என்பாள். நான் சொல்வேன். நாவலின் கடைசித் தாளில் அவள் பென்சிலால் வரைவாள்.

அப்புறம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை அவள் வீட்டுக்குப் போய், குங்குமம் கொடுத்து வைப்பதுதானே முறை? "காலனிக்குள்ள நாம போற பயக்கம் இல்ல. பஸ்ல பாத்து குடுத்துடு" என்றார் அப்பா. அப்படியே கொடுத்தேன்.

"இன்னாடி, நோட்டீஸ் மாதிரி நீட்ற? என் வூட்டுக்கு வயி தெரியாதா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

கல்யாணத்துக்கு வந்தாள். சாப்பிடவில்லை. கலர்த்தாள் சுற்றிய பொட்டலத்தைத் தந்துவிட்டுப் போனாள். பிரித்தால், இந்த நாவல். பரிசா, இல்லை தன் பங்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டாளா? நாவலின் முடிவில், துரத்தி வருகிறவர்களிடம் சிக்கி வதைபடக் கூடாதென்று ஒருவன் தன் நண்பனைத் தானே சுட்டுக் கொல்வான். அது அன்பா என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். இப்போது கேட்டால் ஒரு வரி வராது.

நேற்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, குங்குமச் சிமிழோடு காலனிக்குப் போனேன். செல்விக்காகவா, என் மனசாட்சிக்காகவா, தெரியவில்லை. வழி விசாரித்துப் போய்ச் சேர்ந்தால், அவள் வீடு இருந்த இடத்தில் யாரோ ஜல்லி கொட்டியிருந்தார்கள்.

"அவங்க ஊர வுட்டுப் போயி ரெண்டு வருசம் ஆவுதே. நீ யாரும்மா?" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

"கூடப் படிச்சவ."

"இங்க உன்ன பாத்ததே இல்லியே."

பென்சில் வீட்டில் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். செல்வியின் வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று அந்த அம்மாவிடம்தான் கேட்டேன்.