இரண்டு ஆராய்ச்சிகளும் ஒரு கழனியும்

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர் பிளாக் ஆபீஸில் கிராம சேவக்காக இருந்தேன். விதை, உரம், கோழிக்குஞ்சு ஆகியவற்றைக் குடியானவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. பட்டணத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து யார் வந்தாலும் கூடப் போவதும் என் வேலைதான் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

கோயில் கல்வெட்டைப் படிக்க வந்தவர்கள் மற்றவர்களுக்கும் பஸ் நம்பரைச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. ஏரி நத்தைகளைப் பார்க்க ஒருவர் வந்தார். கல்யாணச் சடங்குகளை எழுதிக்கொள்ள ஒருவர் வந்தார். மாட்டுக் கொம்பை நாடாவால் அளந்தவரை மாடு விரட்டியது. அன்றைக்கு அவருடைய நோட்டுப் புத்தகத்தைக் குளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். இத்தனை பேரும் ஒரே பல்கலைக்கழகம். ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லை.

அந்த வருஷம் நடவு முடிந்த சமயத்தில் தாவரவியல்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். நெல் வயலில் களையைப் பிடுங்காமல் விட்டால் எது முதலில் முளைக்கிறது, எது எதை அமுக்கிக்கொண்டு வளர்கிறது என்று பார்க்க வேண்டுமாம். சாலவாக்கம் போகிற சாலையோரத்தில் ஒரு பெரிய விவசாயியின் கழனியைக் காட்டினேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் வரப்பு. அதன் மூலையில் பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டினார். கழனிக்காரர் எங்கள் பிளாக் அதிகாரியின் முகத்துக்காகச் சம்மதித்தார்.

அங்கே களையெடுக்கிற பெண்களில் ஒருத்தியைக் காவலுக்குச் சொன்னோம். நாற்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பத்து வயதிலிருந்து அடுத்தவர் சேற்றில் குனிந்தவள். தாவரவியல்காரர் அவளை "நீங்க" என்றார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உங்களத்தான் சொல்றேன். இதுக்குள்ள யாரும் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது."

"புடுங்கினாத்தானே ஐயா நெல்லு வரும்?"

"எனக்கு நெல்லு வேணாம். களைதான் வேணும்."

இருந்தாலும் அவள் காவலைச் சரியாகச் செய்தாள். கழனி முழுவதும் களையெடுத்துச் சுத்தமானபோதும் அந்த மூலை மட்டும் காடாக நின்றது. மற்றப் பெண்கள், "இன்னாடி, உன் பயிரு எப்ப அறுப்பு?" என்று கேலி செய்தார்கள். கழனிக்காரர் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். தாவரவியல்காரர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டு போவார்.

அவர் வராத ஒரு புதன்கிழமை மொழியியல்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். எங்கள் பக்கத்தில் ழகரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. சாவடியில் நாலு பேரை உட்காரவைத்துப் பேசச் சொன்னார். பட்டணத்து மனிதரைக் கண்டதும் நாலு பேரும் பள்ளிக்கூட வாத்தியாரைப் போல "வாழைப்பழம்" என்று அழுத்தி உச்சரித்தார்கள். அவர் முகம் வாடிப் போயிற்று.

"இயல்பா பேசணும். வேலை செய்யும்போதுதான் இயல்பா பேசுவாங்க," என்றார். "களையெடுக்கிற பொம்பளை யாராவது இருக்காங்களா?"

டேப் ரிக்கார்டர் ஜீப் பேட்டரியில் ஓடுவது. கம்பி கொஞ்ச தூரம்தான் எட்டும். ஆகவே சாலையோரக் கழனி வேண்டும். சாலையோரத்தில் களை இருக்கிற கழனி வேண்டும். அப்படி ஓர் இடம்தான் இருந்தது.

அவளையே அழைத்து வந்திருந்தேன். மைக்கை என் கையில் கொடுத்து, "வாய்க்குப் பக்கத்துல பிடிங்க. நீங்க இருமினாக்கூட ரிக்கார்டு கெட்டுப்போகும். மூச்சு விடக்கூடாது," என்றார். பிறகு அவளிடம், "களையெடுத்துக்கிட்டே பேசும்மா," என்றார்.

"இதுலயா? இந்தக் கயனி மூலையில கைய வெக்கக் கூடாதுன்னு ஒரு ஐயா சொல்லிக்கீறாரு."

'கயனி' என்ற சொல்லைக் கேட்டு அவர் பூரித்துப் போனார். "ஆகா! இப்படியேதான் பேசணும்."

"அந்த ஐயாவும் உங்க காலேஜிதானே?"

"ஆமாம் ஆமாம், எல்லாம் எங்க யுனிவர்சிடிதான். ஆரம்பி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மைக்கைப் பார்த்தேன். சுருள் சுற்றத் தொடங்கியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்று அதிகாரி சொல்லியிருந்தார். அதற்குக் கட்டுப்பட்டு நின்றேன். அவள் கயிற்றைத் தாண்டி இறங்கினாள்.

"இது ஆரை. இது கோரை, கீய கெயங்கு கீது, வுட்டா மறுபடி வந்துரும். இது கரிசலாங்கண்ணி, மயை வுட்டப்புறம்தான் தல தூக்கிச்சி..." என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, முக்கால் மணி நேரத்தில் அந்த மூலையைத் துடைத்த மாதிரி ஆக்கிவிட்டாள். மொழியியல்காரர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை தாவரவியல்காரர் வந்தார். வெறும் சேற்றையும் கயிற்றையும் பார்த்தார். வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"யார் எடுத்தது?"

"உங்க யுனிவர்சிடிதான் சார்," என்றேன்.

அவள் எட்ட நின்று அழுதுகொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "ஐயா, ஒண்ணொண்ணா பேரு சொல்லிக்கினுதான் எடுத்தேன். எப்ப மொளைச்சிச்சி, எது பக்கத்துல எது கீதுன்னு எல்லாம் சொன்னேன். அது அந்தப் பொட்டியில கீது."

திங்கட்கிழமை நானும் அவருடன் பட்டணம் போனேன். நடந்ததை நேரில் சொல்ல நான் வேண்டும் என்றார். மொழியியல் துறை அவருடைய துறைக்கு நேர் மேலே, மாடியில் இருந்தது. ஏழு வருஷமாக அங்கே வேலை செய்தவர் அன்றைக்குத்தான் முதன்முறையாக அந்தப் படிகளில் ஏறினார்.

மேஜைமேல் சுருள் ஓடியது. கூரை உயர்ந்த அந்த அறையில் அவளுடைய குரல் எங்கள் ஊரில் கேட்டதைவிடக் கணீரென்று கேட்டது. ஒருவர் செடியின் பெயர் வரும்போதெல்லாம் நிறுத்தச் சொன்னார். மற்றவர், "பேரை விடுங்க சார், அந்த 'கீது'வைக் கேளுங்க," என்றார். சாயங்காலத்துக்குள் தாவரவியல்காரரின் நோட்டு நிரம்பிவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து அவர் பார்க்கத் தவறியவைகூட அதில் இருந்தன.

இரண்டு பேரும் டாக்டர் ஆனார்கள். ஆய்வேட்டில் ஆளுக்கொரு பிரதி எங்கள் ஆபீஸுக்கு வந்தது. ஒன்றில் "தகவலாளி: பெண், கூலித் தொழிலாளி, எழுத்தறிவு இல்லாதவர்" என்றிருந்தது. மற்றதில் மனைவிக்கும் பேராசிரியருக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் நன்றி சொல்லிவிட்டு, வயலை ஆய்வாளர் இடைவிடாமல் கவனித்து வந்தார் என்று எழுதியிருந்தது.

அவளிடம் போய்ச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் பாசா? நல்லா இருக்கட்டும்," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் கொரலு இன்னும் அங்க கீதா சார்? ஒருவாட்டி கேக்க முடியுமா?" என்று கேட்டாள்.

மைக் பிடித்த கைக்கு அதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. மொழியியல் துறைக்குக் கடிதம் எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது. சுருள்கள் தட்டுப்பாடு என்பதால் அவள் குரல் இருந்த சுருளையே வேறொரு ஜில்லாவின் பேச்சைப் பதியப் பயன்படுத்திவிட்டார்களாம்.

மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.

"அப்ப வேற எவளோ என் மேலயே பேசிக்கினு கீறா. பேசட்டும், பாவம். அவளாவது வாய வெச்சிக்கினு சும்மா இருந்தாளோ இல்ல எவன் கயனியையாவது காலி பண்ணாளோ!"

சொல்லிவிட்டு அவள் வேலைக்கு இறங்கிவிட்டாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தேன். அங்கே தவளைகளைப் பற்றி ஆராய வந்த ஒருவர் பெட்டியோடு காத்திருந்தார்.