கையுறையைக் கழற்றாத இருவர்

அண்ணன் போய் வருஷம் திரும்பிவிட்டது. "நீதான் படித்தவள், மளமளவென்று எழுதிவிடுவாய்" என்று இந்த நினைவு மலர்ப் பக்கத்தை வீட்டில் என்னிடம் தள்ளிவிட்டார்கள். அந்த மளமளவெல்லாம் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததிலேயே தீர்ந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் அண்ணனுக்கு முன்னால் வந்து நிற்பவர் பெல்ஜியம் நாட்டுக் கோல்கீப்பர் ஒருவர். அவரைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அண்ணன் பாகலூரில் பிறந்தார். அப்பா ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அண்ணன் ஐ.டி.ஐ. முடிக்கும் முன்பே அப்பா காலமானார். அன்றிலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் எல்லாமே அண்ணன்தான். ஓசூரில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ரிலீவராகச் சேர்ந்தார். ரிலீவருக்குச் சொந்தமாக மெஷின் கிடையாது. யாராவது லீவு போட்டால், சாப்பிடப் போனால், அவர்களுடைய மெஷினில் போய் நிற்க வேண்டும். எல்லோரும் வந்துவிட்ட நாளில் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பாருடா, மாமனார் ஊட்டுக்கு வந்த மாப்ள மாதிரி உக்காந்துகினு இருக்கான்" என்று லைனில் கேலி செய்வார்களாம். அண்ணன் சிரித்துக்கொள்வார். ஆனால் டீ குடிக்கும்போதுகூடக் கையுறையைக் கழற்ற மாட்டார்.

"கூப்புட்ட பொறவு மாட்டிக்கினு இருந்தா லைன் நின்னுடும்" என்பார்.

தொழிற்சாலையின் கால்பந்து அணியிலும் அவர் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால்தான் அண்ணனுக்கு ஆட்டம். அவருக்குக் காய்ச்சலே வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஏதோ வெளிநாட்டு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. காமிரா ஒரு நொடி பெஞ்சுப் பக்கம் திரும்பியது. எல்லோரும் கனத்த கோட்டுக்குள் கையைச் செருகிக்கொண்டு குளிரில் குறுகியிருக்க, ஒருவர் மட்டும் கையுறையோடு, இரண்டு கைகளையும் முழங்காலில் விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு இவுரு? தேடிச் சொல்லுடி" என்றார் அண்ணன்.

நான் அப்போது பள்ளிக்கூடம். போனைப் பிடுங்கி நிமிஷத்தில் ஜாதகத்தையே எடுத்துவிட்டேன். பெல்ஜியத்தில் ஒரு துறைமுக ஊர். அப்பா லாரி டிரைவர். பதினெட்டு வயதில் முதல் டிவிஷன் கிளப்பில் நேராகக் கோலுக்கு முன்னால் நின்றவர். ஒரு மழை நாளில், சாதாரணமாக உருண்டு வந்த பந்து கைக்குள்ளிருந்து நழுவிப் போனது. அவ்வளவுதான், அடுத்த ஆட்டத்தில் பெஞ்சு. பிறகு ஹாலந்து, கிரீஸ், சைப்ரஸ், கடைசியில் திரும்பவும் பெல்ஜியத்தில் இரண்டாவது டிவிஷன். எங்கே போனாலும் இரண்டாவது கோல்கீப்பர்.

"ஏன்ணா, கும்புடறதுக்கு ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா? பெஞ்சு தேய்க்கறவரத்தான் புடிப்பியா?" என்று கேட்டேன்.

"கோல் போடறவனப் பாக்க ஊரே இருக்குது. இவுர நாம பாக்கலாம்" என்றார்.

அப்படியே வருஷக்கணக்கில் பார்த்தோம். அவர் ஆடாத ஆட்டங்களைப் பார்த்தோம். பெல்ஜியக்காரர் எங்கள் வீட்டில் ஓர் ஆளாகவே ஆகிவிட்டார். பேரிகைப் பெரியம்மா இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, பையனுக்கு வெளிநாட்டில் பெரிய சினேகிதர் இருக்கிறார் என்று பெண் வீட்டாரிடம் சொல்லி வைத்துவிட்டார். அவர்கள் வந்து காபி குடித்து முடித்ததும், "உங்க சினேகிதரு மாப்பிள்ளைக்கு அங்க ஒரு வேல பாத்துத் தருவாருங்களா?" என்று கேட்டார்கள்.

அண்ணன் யோசிக்காமல் சொன்னார்: "அவுருக்கே வேல இல்லைங்க. பெஞ்சுலதான் இருக்காரு."

அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. வேறு இடம் பார்ப்பதற்குள் அண்ணனுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு சோர்கிறது. கல்லூரி, பஸ், ஆஸ்பத்திரி, அளந்து கொடுக்கும் தண்ணீர், தூங்காத அம்மா. அண்ணன் முனகமாட்டார். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி, "இன்னிக்கு அவுர எறக்குவாங்களா?" என்று மட்டும் கேட்பார். இந்த வருஷத்தோடு ஆட்டத்தை விடப் போவதாகப் பெல்ஜியக்காரர் அறிவித்திருந்தார். அவர் ஒரே ஒரு முழு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அண்ணன் தனக்கென்று எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சீசன் முடியும் தறுவாயில், பெல்ஜியக்காரர் அணியின் முதல் கோல்கீப்பருக்குப் பயிற்சியில் விரல் முறிந்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு நம்முடையவர்தான். செய்தியைப் படித்துவிட்டு வீடு முழுக்கக் குதித்தேன். பிறகுதான் உறைத்தது, சனிக்கிழமை சாயங்காலம் டயாலிசிஸ்.

"ஒரு நாள் போகலன்னா என்னாயிடும்? ஊட்டுல உக்காந்து நிம்மதியா பாக்கறேன்" என்றார் அண்ணன்.

"நேத்தே மூச்சு வாங்குச்சு உனக்கு. ஒண்ணும் பேசாத, கெளம்பு" என்றேன்.

"அவுரு இத்தன வருஷம் காத்துகினு இருந்தாருடி."

"அதுக்கு நீ உயிரோட இருந்து பாக்கணும் இல்ல?"

அம்மா அண்ணனின் பழைய கோல்கீப்பர் கையுறையை எடுத்துத் துவைத்து, வெயிலில் காயப்போட்டார். "அங்கயே மாட்டிக்கினு பாருடா" என்றார். அண்ணன் கிளம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில், இடது கையில் டயாலிசிஸ் ஊசிகள். வலது கையில் கையுறை மாட்டினேன். நர்சக்கா முறைத்தார்.

"இது என்னாத்துக்கு?"

"மேட்ச்சுக்கா."

"சுத்தமா இருக்குதா?"

"எங்கம்மா தொவச்சா அழுக்கோட தோலும் உரிஞ்சிடும்க்கா."

அவர் சிரித்துவிட்டு, போனைச் சாய்த்து வைக்க ஒரு மேஜையைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்து நாற்காலிப் பெரியவர் எட்டிப் பார்த்து, "யாரும்மா அது, உங்க சொந்தமா?" என்றார். "ஆமாங்க" என்றார் அம்மா, கொஞ்சமும் தயங்காமல்.

ஆட்டம் படு மந்தம். பந்து நம்மவர் பக்கம் வரவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த நாளில் ஒருவன்கூட ஒழுங்காக உதைக்கவில்லையே! அண்ணன் மட்டும் கண் எடுக்கவில்லை. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், கூட்டத்துக்குள்ளிருந்து தாழ்வாக ஒரு பந்து உருண்டு வந்தது. பதினெட்டு வயதில் நழுவியதே, அதே மாதிரி ஒரு சாதாரணப் பந்து. அண்ணனின் கை நாற்காலியை விட்டு எழும்பியது. பெல்ஜியக்காரர் குனிந்து, பந்தை நெஞ்சோடு அணைத்து, அதன் மேலேயே படுத்துக்கொண்டார். ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்ளோதான். இதுக்குத்தான் உக்காந்திருந்தாரு" என்றார் அண்ணன்.

பெல்ஜியக்காரர் மைதானத்தின் நடுவில் நின்று கையுறையைக் கழற்றினார். அண்ணன் வலது கையை என் பக்கம் நீட்டினார். "என்னதையும் கழட்டிடுடி. கை வேர்க்குது." கழற்றினேன். விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. வீடு சேரும் வரை ஆட்டோவில் அம்மாவின் தோளில் தூங்கினார். அடுத்த மாதம், ஒரு விடியற்காலையில், எங்களை விட்டுப் போனார்.

அண்ணன் போக முடியாத ஷிப்டுகளில் மாற்றி மாற்றி நின்ற லைன் நண்பர்களுக்கு, ரிலீவருக்கு ரிலீவராக வந்தவர்களுக்கு, எங்கள் நன்றி. கூப்பிட்ட வேளைக்கெல்லாம் ஆட்டோவோடு வந்து நின்ற ஜூஜுவாடி ரஹீம் பாய்க்கும், நர்சக்காவுக்கும், அழ வந்து எங்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போன பேரிகைப் பெரியம்மாவுக்கும் நன்றி. பெல்ஜியக்காரருக்கு எதுவும் தெரியாது. அவருக்கும் நன்றி.

அண்ணனின் கையுறையை நினைவாகக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அதைத் தொழிற்சாலை அணியின் இப்போதைய இரண்டாவது கோல்கீப்பரிடம் கொடுத்துவிட்டோம். அவருக்கு இன்னும் ஆட்டம் கிடைக்கவில்லை. மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.