குளிர் புகாத வண்டி

குளிருக்குப் பயந்து வண்டியை அடைத்துத் தரச் சொல்லி எங்கள் ஷெட்டுக்கு ஒருத்தர் வந்தார் என்றால் ஒரகடம் ரோட்டில் யாரும் நம்பமாட்டார்கள். புதிதாகக் கம்பெனி கட்டுகிற இடங்களில் இன்ஜினியர்கள் உட்காருகிற இரும்புப் பெட்டி ஆபீஸ் செய்வதுதான் எங்கள் தொழில். வெயில் உள்ளே வராமல் சுவரை அடைக்கத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, திரும்பப் பூட்டிப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது.

வந்தவர் பென்னலூர்க்காரர். இரும்பு உருக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் ஷிப்ட் பார்த்தே தலை நரைத்து ரிட்டயர் ஆனவர். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு மேடை எல்லாம் போட்டுவிட்டார்.

"மார்கழியில கெளம்பி மணாலிப் பக்கம் போறோம்பா, நானும் வூட்டுக்காரியும். மூணு மாசம் இதுலதான் குடித்தனம். நெருப்புல நின்னு நின்னு வெந்துட்டேன். பனியில நிக்கணும். உள்ள வந்தா குளிரக்கூடாது, அவ்ளோதான்" என்றார்.

எங்கள் வெல்டர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நம்ம ஊருல குளிரு ஏடிஎம் ரூம்புக்குள்ள மட்டுந்தானண்ணே இருக்கு? அதைத் தேடிப் போயி, அப்புறம் வெளிய தள்ளுததுக்கு ஒரு வண்டியா?" என்றார்.

அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன். ஜனங்கள் வாயிலிருந்து விழுகிறதைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பழக்கம். இடம் பார்த்து எடுத்துவிடுவேன். சொந்தமாகவும் சேர்த்துச் சொல்வேன். நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம். இந்த வண்டி விஷயத்தில் நடந்ததும் அந்த வாயால் வந்ததுதான்.

வேலையை அந்தப் பென்னலூர் அண்ணன் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொண்டோம். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வாடகை ரூம்கள். எல்லாவற்றிலும் தெற்கிலிருந்து வந்த கம்பெனிப் பையன்கள். முன்பக்கம் தகரச் சாய்ப்பின் கீழே அக்காவின் மெஸ். அண்ணனின் வீட்டுக்காரம்மாவை முதல் நாளே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். இட்லி அப்படி. காலை ஷிப்டுக்குப் போகிற பையன்கள் ஐடி கார்டு கழுத்தில் தொங்க நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். "யக்கா, சாம்பார்ல முருங்கக்கா எங்க?" என்று ஒருத்தன் கேட்டால், "உன் தட்டுல வுழறதுக்கு அதுக்கு இஷ்டமில்லடா" என்பார். அந்தப் பேச்சுக்காகவே நான் சீக்கிரம் போய்விடுவேன்.

வண்டியின் உள் தகட்டைக் கழற்றினோம். கூடு முழுக்கக் கறுப்பு ரப்பர் ஷீட்டை ஒட்டினோம். விலா எலும்பு மாதிரி நிற்கிற இரும்புச் சட்டங்கள்தான் சங்கடம். சுவரை எவ்வளவு அடைத்தாலும் அந்த இரும்பு வழியாகக் குளிர் நடந்து உள்ளே வந்துவிடும். சட்டத்தையும் விடாமல் சுற்றி மூடினால்தான் காரியம் ஆகும். ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு கண்ணாடி ஷீட், நடுவில் காற்று நிற்க இடம். தரைக்குக் கீழே ஒரு அடுக்கு. கூரையில் ஒரு துவாரத்தை மட்டும் வேண்டுமென்றே திறந்து விட்டேன். மனுஷன் விடுகிற மூச்சே தண்ணீர். அது வெளியே போகாவிட்டால் விடியும்போது சுவரெல்லாம் ஒழுகும்.

ஒரு நாள் பையன்கள் போனபிறகு அக்கா வண்டிப் படியில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இது நெஜமா குளிர் தாங்குமா?"

"தாங்கும்க்கா. பயப்படாதீங்க."

"பயம்லாம் இல்லப்பா. தாங்கலன்னா தேவல."

கையில் பசையோடு திரும்பிப் பார்த்தேன்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் ஷிப்டுக்குத்தான் நான் எழுந்தேன், அவர் ஷிப்டுக்குத்தான் படுத்தேன். இந்த மெஸ்ஸு ஒண்ணுதான் நானா ஆரம்பிச்சது. மூணு மாசம் மூடினா பசங்க வேற எடத்துல பழகிடுவானுங்க. அப்புறம் யார் வருவா?"

"அண்ணனாண்ட சொல்லுங்களேன்."

"எப்டிச் சொல்றது? பனி பனின்னு சொல்லிக்கினே வேலைக்குப் போன மனுஷன். நான் வரலன்னா அவரும் போவமாட்டாரு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. வண்டி ஆவாதுன்னு நீ சொல்லு. வேலை செய்றவன் சொன்னா கேட்டுப்பாரு. சிநேகிதக்காரங்களோட ஒரு வாரம் ரயில்ல போய்ப் பாத்துட்டு வரட்டும்."

"பாக்கலாம்க்கா" என்றேன். அவர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டிருப்பார். மறுநாள் என் தட்டில் ஒரு வடை கூட இருந்தது.

ரெண்டு சட்டத்தை மூடாமல் விட்டிருந்தாலே போதும். மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். கை கேட்கவில்லை. கடைசிச் சட்டம் வரை இழுத்து ஒட்டியது. சோதனை பண்ணும்போது ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் பனிக்கு எங்கே போவது? மண்ணூர் தாண்டி ஒரு கோல்டு ஸ்டோரேஜ் இருக்கிறது. அங்கே கதவுகள் மாட்டின பழக்கத்தில் சூப்பர்வைசரைக் கேட்டேன். சரக்கு வருவதற்கு முன்னால் காலியாகக் குளிரவைத்திருந்த ஒரு அறையை மதியம் கொஞ்ச நேரம் கொடுத்தார். இன்ஜினை உள்ளே ஓட்டக்கூடாது என்றதால் தள்ளிக்கொண்டு போனோம். "தள்ளுங்கப்பா, தேரு நெலைக்கு வரட்டும்!" என்று வெல்டர் கத்த, ஃபோர்க்லிஃப்ட் ஆட்களும் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்கள்.

வண்டிக்குள் அண்ணன், அக்கா, நான். அண்ணன் மங்கி கேப்போடு வந்திருந்தார். சின்ன ஹீட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். வெளியே நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த வெல்டர் வாயிலிருந்து புகை புகையாக வந்தது. எங்களுக்குக் குளிர் ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் கேப்பைக் கழற்றினார். அப்புறம் ஸ்வெட்டரை. பனியையே பார்த்துவிட்ட மாதிரி முகம்.

அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "எனக்கு ஒத்துக்காதுங்க. கால்லாம் வெறச்சுப் போவுது" என்றார். சொன்னது அவரிடம், பார்த்தது என்னை.

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. கழற்றின ஸ்வெட்டரை மடித்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. அவளுக்கு ஆவலன்னா இத்தோட வுட்டுடறேன். உனக்குக் குளிருதா?"

குளிருது அண்ணே என்றால் முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே வெல்டரும் ஃபோர்க்லிஃப்ட் ஆட்களும் என்ன ஆச்சு என்று கையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். என் வேலையைப் பார்க்க இத்தனை பேர் அதற்குமுன் நின்றதில்லை.

"குளிரா? இந்த வண்டிக்குள்ள மாவாட்டி வெச்சா பொழுது சாயறதுக்குள்ள பொங்கி வழியும்ணே!" என்றேன்.

அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். நல்ல பேச்சுக்குச் சிரிக்காமல் இருக்கத் தெரியாத மனுஷி. சிரித்து முடித்துவிட்டு சால்வையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது என் பக்கம் பார்க்காமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மார்கழி பிறந்ததும் வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். இப்போது தை பாதி. சாய்ப்பின் கீழே அடுப்பு கவிழ்ந்து கிடக்கிறது. பையன்கள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் திறந்த புது மெஸ்ஸில் நிற்கிறார்கள். அந்த வழியாகப் போனால் பைக்கை நிறுத்தாமல் போய்விடுகிறேன்.

நேற்று அண்ணன் போன் பண்ணினார்.

"வெளிய ஒரே பனி, உள்ள நம்ம வூடு மாதிரியே கீதுப்பா. இன்னும் ரெண்டு மாசம் சேத்து இருந்துட்டு வரலாம்னு பாக்கறேன்."

"அக்காவக் கேட்டீங்களாண்ணே?"

"அவ இன்னா சொல்லப் போறா?"

"கேளுங்கண்ணே."

"இன்னாப்பா? உன்னாண்ட ஏதாவது சொன்னாளா?"

சேர்த்து வைத்த பேச்சு எதையும் இந்தத் தடவை எடுத்துவிடவில்லை. "சொன்னாங்கண்ணே. கோல்டு ஸ்டோரேஜுக்குப் போறதுக்கு முன்னாடியே சொன்னாங்க" என்றேன்.

போனை அவர் காதிலிருந்து எடுத்தது தெரிந்தது. "ஏ, இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிடுகிற சத்தம் தூரமாகக் கேட்டது. அக்கா என்னை நம்பிச் சொன்னது. தன் வாயால் சொல்ல முடியாமல்தான் என்னிடம் வந்தார். பேச வேண்டாத இடத்தில் பேசிக் கெடுத்தேன். இப்போது அக்காவைக் கேட்காமலே போட்டு உடைத்தும்விட்டேன். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசப்போவதை ஒட்டுக்கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று போனைக் கட் பண்ணினேன்.