சந்தை நாளில் அனுப்பும் நிரல்

எஸ்விஎன் நல்லதா, கிட் நல்லதா என்று சண்டை போட்டே எங்கள் அலுவலகத்தில் பல மதியச் சாப்பாட்டு வேளைகள் தீர்ந்திருக்கின்றன. இரண்டும் மென்பொருள்கள், செய்வது ஒரே வேலைதான். எழுதிய கணினி நிரலைப் பத்திரப்படுத்தி, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளும். ஒருவர் வேகம் என்பார், இன்னொருவர் பாதுகாப்பு என்பார். எனக்குப் பிடித்தது கிட். காரணம் என் அப்பா.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அம்மா இல்லை, நான் ஒரே மகள். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு, மலைமேல் வாசலூர்பட்டியைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். வீட்டில் சிக்னல் கிடையாது. எஸ்விஎன்னில் ஒரு வரியைச் சேமிக்க வேண்டுமென்றாலும் அலுவலக சர்வரைத் தொட்டாக வேண்டும். அதற்காக அப்பாவைத் தனியே விட்டுவிட்டு, சிக்னல் கொஞ்சம் எட்டும் மேட்டுக்கு ஓடுவேன். ஒருநாள் திரும்பி வந்தபோது கட்டிலிலிருந்து விழுந்து தரையில் கிடந்தார். நெடுநேரம் கூப்பிட்டுப் பார்த்தாராம்.

அலுவலகம் கிட்டுக்கு மாறியதும் அந்த ஓட்டம் நின்றது. நிரலின் முழு வரலாறும் மடிக்கணினியிலேயே இருக்கும். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சேமித்துக்கொள்ளலாம். சர்வருக்குப் பிறகு அனுப்பினால் போதும். எங்கள் ஆட்கள் மிளகைச் சேர்த்துவைத்து அடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தைக்கு இறக்குவார்கள். நானும் அப்படியே வாரத்து வேலையைச் சேர்த்துவைத்து, அவ்வளவையும் மேட்டுச் சிக்னல் தாங்காது என்பதால் சந்தை நாளில் பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, பஸ் பிடித்துக் கீழே போய் மொத்தமாக அனுப்பினேன். மலையில் பிறந்தவளுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

எங்கள் டீம் லீடுக்குத் தப்பாகத் தெரிந்தது. மனுஷன் பழைய எஸ்விஎன் ஆள். தினமும் காலையில் சர்வரைத் திறந்து யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார். பெயர் இல்லையென்றால் அந்த ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். கிட் வந்தும் அவருடைய கண் மாறவில்லை.

ஐப்பசி மழையில் கொண்டை ஊசி வளைவொன்றில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. டவரும் படுத்துவிட்டது. யாருக்கும் தகவல் சொல்ல வழியில்லை. கரண்ட் எட்டிப்பார்க்கும் போதெல்லாம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு எழுதினேன். ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து இருப்பைக் கவனிக்கும் பகுதி அது. அவ்வளவு சுத்தமாக நான் வேறெதையும் எழுதியதில்லை. அதற்குள் இரண்டு சந்தைகள் தவறிவிட்டன.

ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் இறங்கினேன். டீக்கடை பெஞ்சில் கணினியைத் திறந்து அனுப்பினேன். அனுமதி இல்லை என்று வந்தது. பாஸ்வேர்டு தப்போ என்று மறுபடி முயன்றேன். அதே பதில். லீடைக் கூப்பிட்டேன்.

"இத்தனை நாளா சர்வர்ல உங்க பேரே இல்லைங்களே. வேற ஆள வச்சு முடிச்சாச்சுங்க."

ரோடு அடைபட்டதைச் சொன்னேன். எழுதியது எல்லாம் தேதியோடு என் கணினியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"இருக்கலாம்ங்க. அதையெல்லாம் அழிச்சிட்டு லேப்டாப்ப ஆபீசுக்கு அனுப்பிருங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு மலையே அடைபட்டுக் கிடந்ததை விசாரிக்க அவருக்குத் தோன்றவில்லை. சர்வரில் இல்லாதது அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

அந்த வேலை போனது. வீட்டிலிருந்து செய்யும் வேலை மறுபடி அமையவில்லை. கோயம்புத்தூரில் ஒரு வேலை கிடைத்தது. தினமும் அலுவலகம் போயாக வேண்டும். அங்கே ஒற்றை அறையில் அப்பாவைப் பூட்டிவைத்துவிட்டுப் போக முடியாது. ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். குழறும் வாயால் பதில் சொன்னார்.

"நீ போ சாமி. நான் இருந்துக்குவேன்."

அதை எனக்குக் காட்டுவதற்காக இடக்கையை நீட்டித் தண்ணீர்ச் சொம்பை எடுக்கப் பார்த்தார். சொம்பு சாய்ந்து படுக்கையெல்லாம் நனைந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.