ஆறுக்கு ஐந்து பொருத்தம்

எனக்குப் பத்து வயதில் இரத்தப் புற்றுநோய் இரண்டாம் முறையாக வந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. முதல் முறை மருந்துக்கு அடங்கியது. இந்த முறை அடங்காது, வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்ற வேண்டும் என்று வடக்கே ஒரு பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். பாளையங்கோட்டையிலிருந்து குடும்பமே ரயிலேறிப் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தது. அண்ணனுக்குப் பாதிதான் பொருந்தியது. தேம்பித் தேம்பி அழுதான். ஊசிக்குத் தப்பிய நிம்மதியும் அதில் கொஞ்சம் இருந்தது, எனக்குத் தெரியும்.

சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பழகிய குடும்பம் என்பதாலோ என்னவோ, அப்பாவின் அக்காவுக்கு, பரிசோதனையில் பார்க்கும் ஆறு அடையாளங்களில் ஐந்து பொருந்தின. திசையன்விளை அத்தை. அம்மா வைத்த சொதியைப் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி கழனித்தண்ணீர் என்றவள். அன்றிலிருந்து ஏழு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

டாக்டர் தயங்கினார். "முழுப் பொருத்தம் இல்லம்மா. ஆபத்து இருக்கு."

"பத்துக்கு ஆறு இருந்தாலே கல்யாணத்த முடிச்சுப்போடுதோம். ஆறுக்கு அஞ்சு மோசமாக்கும்? எடுங்க," என்றாள் அத்தை.

அவள் இடுப்பெலும்பில் துளைத்து எடுத்தார்கள். என் பழைய மஜ்ஜையை மருந்தால் கொன்றுவிட்டு, மொட்டைத் தலையோடு என்னைக் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். அத்தை ஒரு பையில் சிவப்பாக வந்து, சொட்டுச் சொட்டாக எனக்குள் இறங்கினாள்.

மூன்றாவது வாரம் புது அணுக்கள் முளைத்தன. முளைத்த கையோடு சண்டையைத் தொடங்கின. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. அத்தையின் அணுக்களுக்கு என் உடம்பு அந்நியமாகத் தெரிகிறது என்றார் டாக்டர்.

"உள்ள போயும் அவ குணத்தக் காட்டுதா பாருங்க," என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது; வாய்ப்புண் சிரிக்க விடவில்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் செத்துப்போகக்கூடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்று என் வயிற்றைப் பார்த்து விரலை ஆட்டினாள். "ஏளா, இது எந்தம்பி பிள்ள. பேசாம கெடங்க!"

"மதினி, இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க," என்றாள் அம்மா. "பைய சொன்னா ஒங்க ஆளுக கேக்கவா போறாங்க?"

ஏழு வருடத்தில் அவளிடம் அம்மா பேசிய முதல் வார்த்தை அதுதான். ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்து மிரட்டியதில் ஒரு மாதத்தில் சண்டை ஓய்ந்தது. அந்த மருந்தில் ஊதிய பூசணிக்காய் முகத்தோடு ஊர் திரும்பினேன்.

மறு வருடம் பள்ளி அடையாள அட்டையில் என் இரத்த வகையை மாற்ற வேண்டியிருந்தது. பி போய், அத்தையின் ஓ வந்திருந்தது. இரத்த வகையெல்லாம் மாறாது, பொய் சொல்லாதே என்று டீச்சர் அதை அடித்துவிட்டார். அம்மாவும் அத்தையும் ஒரே ஆட்டோவில் போய் அவரோடு சண்டை போட்டார்கள்.