சேர்ந்து வந்தால்தான் பிரிப்பார்கள்

பஸ் ஸ்டிரைக் என்று முந்தின நாளே ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம். அண்ணன் வீட்டில் எனக்கு யாரும் சொல்லவில்லை. விடிந்தும் விடியாமல் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. காலி ஸ்டாண்டில் ஒரே ஒரு ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அன்று எங்கள் விவாகரத்து மனுவுக்குக் கடைசி வாய்தா. இரண்டு பேரும் சம்மதித்துப் போட்ட மனு. யோசிக்கச் சொல்லி ஆறு மாதம் கொடுத்திருந்தார்கள், அதுவும் முடிந்திருந்தது. இனி இருவரும் ஒன்றாக வந்து நின்று 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் மறுபடி வாய்தாதான். சேர்ந்து வந்தால்தான் பிரிப்பார்கள். இந்தச் சட்டத்தை எழுதினவர் பெரிய குசும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கைநீட்டினது கிடையாது. பேச்சும் கிடையாது. மில் ஆபீஸில் வேலை முடிந்து வருவார், சாப்பிடுவார், அவர் அம்மாவிடம் பேசுவார், படுத்துக்கொள்வார். எட்டு வருஷம் ஒரு சுவரோடு குடித்தனம் நடத்தினேன். கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், கடைசியில் அலுத்துப்போய் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே என் பெயர் வாழாவெட்டி. பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்து, தனியாக ஒரு ரூம் எடுக்கப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாள் ரூமைக் காட்டினாள். தனிக் குழாய், ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை. எல்லாம் காட்டிவிட்டு, "தீர்ப்பு கைக்கு வந்த பொறவு வாம்மா. நாளைக்கு ஒம் புருசன் வந்து வாசல்ல நின்னா நான் என்ன செய்ய?" என்றாள். அந்த ரூம்தான் எனக்கு வேண்டும். அதற்கு அந்தத் தீர்ப்பு வேண்டும்.

காலைப் பாசஞ்சர் போய்விட்டிருந்தது. "கேரியர்ல ஏறிக்கோ" என்றார் அவர். புருஷன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து விவாகரத்துக்குப் போக நான் தயாராக இல்லை. நடந்து வருகிறேன் என்றேன். அவர் மட்டும் போய் என்ன பிரயோஜனம்? சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வந்தார். ரோட்டில் மறியல் என்றார்கள். அதோடு ரோட்டில் நாங்கள் சேர்ந்து நடந்தால் ஊர் முழுக்கக் கதையாகிவிடும். தண்டவாளத்தோடு நடந்தோம்.

அப்போது மீட்டர் கேஜ். மேடுபள்ளமில்லாத பாதை, யாரும் நடந்துவிடலாம். ஆனால் சிலீப்பர் கட்டைகள் மட்டும் ஒரு எட்டுக்குக் கிட்ட, அரை எட்டுக்கு எட்ட என்று யாருடைய காலுக்கும் பொருந்தாமல் கிடக்கும். மேற்கே மலை பனியில் பாதி மறைந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் நிரம்பித் தண்டவாளத்து மேடு வரை தண்ணீர் நின்றது. கண்மாய்க்குள் நட்டுவைத்த கருவேலங்காடு இடுப்பளவு தண்ணீரில் நிற்க, கிளையெல்லாம் கொக்கும் நாரையும். சேறும் பாசியும் கலந்த வாடை. வேறொரு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். அன்று தூக்கம் கெட்ட கண்ணுக்கு எல்லாம் ஈரமாகவும் தூரமாகவும் மட்டுமே தெரிந்தது.

அவர் முன்னால், நான் பின்னால். ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. 'ஏட்டி' என்று கூப்பிட அவருக்கு உரிமை போய்க்கொண்டிருந்தது, 'என்னங்க' என்று கூப்பிட எனக்கு மனசில்லை. ஓடைப் பாலம் வந்தது. கட்டைகளுக்கு நடுவே கீழே, கண்மாய் நிரம்பி வழிந்த மறுகால் தண்ணீர் சுழித்து ஓடியது. எனக்குக் கால் எழவில்லை. அவர் திரும்பி வந்து, "தண்ணியப் பாக்காத, கட்டையப் பாரு" என்றார். கையை நீட்டவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரு கட்டை முன்னால் அவர் நடக்க, அவர் கால் வைத்த இடத்தில் நான் வைத்தேன். பாலம் தாண்டியதும் ஜல்லியில் மாட்டி என் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன்.

அந்தக் கோலத்தில்தான் ரயில்வே கேட்டில் போய்ச் சேர்ந்தோம். கேட் கீப்பரின் வீட்டம்மா தண்ணீர் கொடுத்தாள். எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மார்கழியில காலு நோக ஜோடியா வாரீகளே, ஆண்டாளுக்கு நேந்துக்கிட்டீகளோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் "ஆமா" என்றார். கேட்ட கேள்விக்கு அவர் பட்டென்று பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

அவ்வளவுதான், அந்த அம்மா உள்ளே ஓடித் துளசி பறித்து வாழைநாரில் கட்டிக்கொண்டு வந்தாள். "எம் மகளுக்கு வரன் வருது, தட்டிப் போகுது. ஜோடியா நடந்து போறவிய கையால கொடுத்தா தாயாரு காதுல விழும்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டாள். என் இரண்டு கையையும் பிடித்து அதில் துளசியை வைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கொஞ்ச தூரம் போனதும், "கோர்ட்டு முடிஞ்சு போகும்போது கொடுத்துரலாம்" என்றேன்.

"கோர்ட்டு முடிஞ்சா நாம ஜோடி இல்லல்லா" என்றார் அவர். "அந்தம்மா ஜோடியாத்தான கொடுக்கச் சொன்னாவ. முன்னாடியே கொடுத்துருவோம்."

எரிச்சலாக வந்தது. ஆனால் நியாயம் அவர் பக்கம் இருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் நேரே கோயிலுக்குப் போனோம். மார்கழிக் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நின்று துளசியைக் கொடுத்து, அந்த அம்மா சொல்லிவிட்ட மகள் பெயரைச் சொன்னோம். பட்டர் எனக்குக் குங்குமம் கொடுத்து, தீர்க்கசுமங்கலியாக இரு என்று வாழ்த்தினார். கையில் வாங்கினதைக் கீழே கொட்டவா முடியும்? நெற்றியில் வைத்துக்கொண்டேன். சிரிப்பதா அழுவதா என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

கோர்ட்டில் பாதிப் பேர் வரவில்லை. எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்றோம். ஜட்ஜ் எங்கள் காலைப் பார்த்தார். கணுக்கால் வரை சேறு.

"பஸ் இல்லையே, எப்படி வந்தீங்க?"

"நடந்து" என்றேன்.

"ராஜபாளையத்திலிருந்தா? ரெண்டு பேரும் சேர்ந்தா?"

"ஆமா ஐயா."

என் நெற்றியைப் பார்த்தார். "கோயிலுக்கும் போனீங்களா?"

"போனோம்" என்றார் இவர்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நல்ல மனுஷர், அதுதான் கொடுமை. "இவ்வளவு தூரம் சேர்ந்து நடந்து, சேர்ந்து சாமி கும்பிட்டு வந்தவங்களை நான் எப்படிம்மா பிரிக்கிறது? இன்னும் கொஞ்சம் யோசிங்க. சித்திரைக்கு மேல பாக்கலாம்" என்று சொல்லி எழுதிவிட்டார். வாய்தா. டவாலி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வக்கீல் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தேன். கால் எரிந்தது. முருங்கை மரத்து ரூமுக்கு இந்நேரம் வேறு ஆள் வந்திருக்கும் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. ஜட்ஜிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் எனக்கு அப்போதுதான் கிடைத்தன. எங்களுக்குள் ஏதாவது மிச்சமிருந்தால் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பாதையில் போயிருப்போம். எல்லாம் தீர்ந்துபோனதால்தான் ஐயா சேர்ந்து நடக்க முடிந்தது.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். 

"இத உள்ள சொல்லிருக்கலாம்லா" என்றார்.

"நீங்க சொல்லிருக்கலாம்லா" என்றேன்.

அதற்கு மேல் சண்டையை வளர்க்க இரண்டு பேருக்குமே தெம்பில்லை.