நட்சத்திர மணப்பெண் கட்டிய என் கூறைச் சேலை

ஐம்பதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதக் காலையில், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு கோயிலில் எனக்குக் கல்யாணம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மாப்பிள்ளை செம்பவாங் கடற்படைத் தளத்தில் பெயின்ட் அடிக்கிற வேலையில் இருந்தார். எங்கள் மாதிரி வீட்டுக் கல்யாணத்தை யாரும் கூட்டம் போட்டுப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்குக் கோயில் வாசலில் நிற்க இடமில்லை. காரணம் நானில்லை. அதே முகூர்த்தத்தில் அங்கே இன்னொரு கல்யாணம் இருந்தது. மணப்பெண், வானொலி நாடகத்திலும் மேடை நாட்டியத்திலும் ஊர் முழுக்கப் பெயரெடுத்தவர். என் கல்யாணத்துக்கு வந்த என் சொந்தச் சித்தியே முதலில் அவரைத்தான் எட்டிப் பார்க்கப் போனார் என்றால் பாருங்கள்.

கோயிலில் மணப்பெண் உடுத்த இருந்தது ஒரே அறை. நடுவில் வேட்டியைத் திரையாகக் கட்டி எனக்குப் பாதி, அவருக்குப் பாதி என்று விட்டிருந்தார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அக்கா என்றே சொல்கிறேன். மயில்கழுத்து நிறப் பட்டில், இடுப்பில் ஒட்டியாணம், கையில் வங்கி, முழங்கால்வரை ஜடைநாகம் என்று அவர் உள்ளே நுழைந்தபோது எனக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "உனக்கும் இன்னிக்குத்தானா? நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனார்.

எங்கள் வழக்கத்தில் தாலி ஏறும்போது கட்டுகிற கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. பெண் அதை முன்னாலேயே பார்க்க மாட்டாள். சாமி பாதத்தில் வைத்து எடுத்து, தட்டில் துணி போட்டு மூடி, நாத்தனார் கொண்டுவந்து கொடுப்பாள். பெண் உடுத்திக்கொண்டு மணையில் போய் உட்கார வேண்டும். ஒருமுறை உடுத்திவிட்டால் தாலி ஏறும்வரை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் அபசகுனம்.

என் நாத்தனார் தட்டைக் கொண்டுவந்து அம்மா கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். வெளியே போட்டோ பிடிக்க வந்தவர்களை வேடிக்கை பார்க்க அவ்வளவு அவசரம். துணியை எடுத்ததும் அம்மா சேலையைத் தடவித் தடவிப் பார்த்தார். குங்குமச் சிவப்பில் கனத்த பட்டு, முழங்கை அகலத்துக்குச் சரிகைக் கரை, உடல் முழுக்க அன்னப்பட்சி. "மாப்பிள்ளை வீட்டுல இவ்வளவு செய்வாங்கன்னு நான் நெனைக்கவே இல்லடி" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெயின்ட் டப்பா தூக்குகிற மனிதருக்கு என்மேல் இத்தனை ஆசையா என்று நெஞ்சு பூரித்துப்போய் நின்றேன்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் அந்த அக்காவின் பெரியம்மா பொருமுவது கேட்டது.

"என்னடி இது? நூலும் பட்டும் கலந்த கட்டம் போட்ட சேலை. கரை ஒரு விரல்கூட இல்ல. பெரிய இடம்னு சொன்னாங்களே, இதையா குடுத்து விட்டிருக்காங்க?"

"அவங்க ஆசையா எடுத்தது இதுதான் போலருக்கு பெரிம்மா. கட்டி விடுங்க. இந்தச் சேலைக்கு இவ்வளவு நகை வேணாம். ஒட்டியாணத்தையும் வங்கியையும் கழட்டிடுங்க."

திரை இடுக்கில் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? அரக்கு நிறக் கட்டம் போட்ட சாதாரணச் சேலை. கொசுவத்தை அவரே விரலால் நீவி நீவி மடித்தார். காதில் ஜிமிக்கி, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி, தலையில் மல்லிகை, அவ்வளவுதான். முகத்தில் ஒரு சுளிப்பு வர வேண்டுமே, இல்லை. சற்றுமுன் நகையும் பட்டுமாக வந்தபோது அழகாகத்தான் இருந்தார். இப்போதோ கோயில் கர்ப்பக்கிரகத்தில் விளக்கைப் பார்ப்பது போலிருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தோம். என் நாத்தனார் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தலையில் கை வைத்துக்கொண்டு அலறினாள்.

"அலமாக்! இது நம்ம சேலை இல்ல! அவங்க கட்டியிருக்கறதுதான் அண்ணன் எடுத்தது!"

அர்ச்சகர் நீட்டிய தட்டை வாங்கும்போது அவள் கழுத்து போட்டோக்காரர்கள் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. தட்டு மாறிவிட்டது.

அடுத்த சில நிமிடம் நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். அந்த அக்காவின் வருங்கால மாமியார் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒருவர், "தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டாங்க லா. பார்த்தா தெரியாதா?" என்றார். அப்பா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அவிழ்த்துக் கொடுத்தால் அபசகுனம். கொடுக்காவிட்டால் திருட்டுப் பட்டம். என் மாப்பிள்ளையோ மணையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். எல்லோர் கண்ணும் அவர் எடுத்த சேலையின்மேல் இருந்தது. அவர் தலை குனிந்திருந்தது. தாலியை வைத்துவிட்டு அப்படியே வெளியே நடந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அந்த அக்கா நேராக அவரிடம்தான் போனார்.

"அண்ணே, இத நீங்களா பாத்து எடுத்தீங்க?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நல்ல சேலை. கட்டுறதுக்கு மெத்துனு இருக்கு. எனக்குன்னு வந்ததாத்தான் நெனைச்சுக் கட்டினேன், மனசு நிறைஞ்சுதான் கட்டினேன். இதோட மணையில உட்கார உங்க அனுமதி வேணும். நீங்க கட்டிக்கப்போற பொண்ணுக்கு அது ரொம்ப எடுப்பா இருக்கு, அப்படியே இருக்கட்டும்."

பிறகு தன் மாமியாரைப் பார்த்து, "நேரம் போகுது அத்தே, ரெண்டு வீட்டுக்கும்தான்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. மேடையில் ஆயிரம் பேரைக் கட்டிப்போட்ட குரலல்லவா, கோயிலே அடங்கிவிட்டது. அவர் அந்தக் கட்டம் போட்ட சேலையில் நடந்து போய் மணையில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து, பொருமிய பெரியம்மாவே கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே கெட்டிமேளத்தில் இரண்டு தாலியும் ஏறின.

சடங்கெல்லாம் முடிந்ததும் அப்பா மாற்றிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "தாலி ஏறின சேலையை யாராச்சும் மாத்துவாங்களா?" என்று சிரித்துவிட்டு அந்த அக்கா காரில் ஏறினார். மாலை விருந்துக்கு அவர் ரோஜா நிறப் பட்டும் வைரமும் அணிந்திருந்தாராம். ஆனால் பத்திரிகையில் பெரிதாக வந்தது காலைப் படம்தான். அந்த வாரமே சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் பெண்கள் அந்தக் கட்டம் போட்ட சேலையைக் கேட்டுப் படையெடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பத்திரிகையை வேலைக்குக் கொண்டுபோய், "நான் எடுத்த சேலை" என்று தளத்தில் ஒருவரையும் விடாமல் காட்டியிருக்கிறார்.

அந்த அக்காவை அதற்குப் பிறகு நான் நேரில் பார்க்கவில்லை. அன்னப்பட்சிப் பட்டை ஒவ்வொரு நல்ல நாளிலும் கட்டினேன். பார்த்தவர்களெல்லாம் கண் வைத்தார்கள். ஆனால் எனக்காக என் கணவர் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த சேலையை நான் ஒருநாளும் உடுத்தியதில்லை. அது எவ்வளவு அழகு என்பதை இன்னொரு பெண் உடுத்திக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். அதனால்தான் யார் எதை ஆசையாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தாலும், பிரித்துப் பார்க்கும் முன்பே என் முகம் இன்றைக்கும் தானாக மலர்ந்துவிடுகிறது.